ஜும்ஆ உரை: இசை இரவுகளும் நம் இளைஞர்களும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மத் முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களின் வழி நடந்த நல்லோர் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே!

மதீனாவில் ஒரு ஜும்ஆ நாள். நபி (ஸல்) அவர்கள் நின்றபடி குத்பா ஓதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து உணவுப் பொருள்களோடு ஒரு வணிகக் கூட்டம் ஊருக்குள் வருகிறது. பள்ளியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் 12 பேர் மட்டும். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அப்போது இறங்கியதுதான் ஜும்ஆ சூராவின் கடைசி ஆயத்து. வியாபாரத்தையோ வேடிக்கையையோ கண்டதும் உங்களை நின்ற நிலையில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றும், அல்லாஹ்விடம் இருப்பது இவ்விரண்டையும் விடச் சிறந்தது என்றும் அந்த ஆயத்து சொல்கிறது.

அல்லாஹ் அங்கே வியாபாரத்தை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. "லஹ்வு" என்ற சொல்லையும் சேர்த்தே சொன்னான். லஹ்வு என்றால் உள்ளத்தைத் திசைதிருப்பும் வேடிக்கை. ஸஹாபாக்களின் காலத்திலேயே அதற்கு ஓர் இழுவை இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இருக்காது என்று எப்படிச் சொல்வது?

அந்த இளைஞர் கேட்ட கேள்வி

சில வாரங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். துபாயில் வேலை. விடுமுறையில் ஊர் வந்திருந்தார். சின்ன வயதில் நம் மக்தபில் ஓதியவர்தான்.

"ஹஜ்ரத், ஒண்ணு கேக்கணும். திட்டக் கூடாது" என்றார்.

"கேளுங்க தம்பி" என்றேன்.

ரூமில் இருக்கும் நண்பர்களோடு ஓர் இரவு டிஜே நிகழ்ச்சிக்குப் போனாராம். மணல் வெளியில் பெரிய மேடை. மேடை முழுக்கத் திரை, லேசர் வெளிச்சம், ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய ஸ்பீக்கர்கள். ஒருவர் மாற்றி ஒருவராக டிஜேக்கள் வந்து விடியும் நேரம் வரை நடத்தினார்களாம். பக்கத்திலேயே மது விற்கும் கவுண்டர். இவர் குடிக்கவில்லை. அதைச் சொல்லும்போது என் முகத்தையே பார்த்தார்.

"அஞ்சு மணி நேரம் எல்லாத்தையும் மறந்துட்டேன் ஹஜ்ரத். சம்பளம், கடன், சூப்பர்வைசர் திட்டுறது, எதுவுமே ஞாபகம் வரல. யாரு எந்த நாடுன்னு யாரும் யாரையும் கேக்கல. எல்லாரும் ஒரே நேரத்துல கையைத் தூக்குனாங்க. திரும்பி வரும்போது டாக்ஸியில பாங்கு கேட்டுச்சு. ஆனா காதுக்குள்ள கொய்ங்னு ஒரே சத்தம். சின்ன வயசுல இருந்து கேக்குற பாங்கு, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுற மாதிரி வந்துச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு."

அதன் பிறகுதான் தன் கேள்வியைக் கேட்டார்: "பள்ளியிலயும் எல்லாரும் ஒரே வரிசையில நிக்கிறோம், ஒண்ணா குனியிறோம். அங்க வந்த உணர்வு எனக்கு ஏன் இங்க வர மாட்டேங்குது?"

அன்பர்களே! அந்த இரவு நான் அவருக்கு முழுமையான பதில் சொல்லவில்லை. துஆச் செய்து அனுப்பி வைத்தேன். இன்றைய உரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

அது என்ன இசை?

தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம் என்னவென்று தெரிந்துகொள்வது நம் இமாம்களின் நடைமுறை. இந்த இசை 1980-களில் அமெரிக்காவின் சிகாகோ, டெட்ராய்ட் நகரங்களில் உருவானது. சிகாகோவில் வேர்ஹவுஸ் என்று ஒரு நடன விடுதி இருந்தது. அந்தப் பெயரிலிருந்தே "ஹவுஸ்" இசை என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அங்கே கூடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள், வேறு இடங்களில் மதிப்புக் கிடைக்காதவர்கள். பிறகு அது ஐரோப்பாவுக்குப் போனது. இங்கிலாந்தில் கைவிடப்பட்ட கிடங்குகளிலும் வயல்வெளிகளிலும், சுவர் விழுந்த பிறகு பெர்லினின் காலிக் கட்டடங்களிலும் இரவு முழுக்க ஒலித்தது. இன்று அது பெரும் வணிகம்.

இதில் பாட்டின் சொற்களுக்கு வேலை குறைவு. தாளம்தான் எல்லாம். நிமிடத்துக்குச் சுமார் 120 முதல் 130 அடி, மாறாமல் விழுந்துகொண்டே இருக்கும். அதன் கனத்த ஒலியைக் காது கேட்பதோடு நெஞ்சுக்கூடும் உணரும். டிஜே சிறிது சிறிதாக ஒலியை ஏற்றிக்கொண்டே போவார். ஒரு கட்டத்தில் தாளத்தை அப்படியே நிறுத்துவார். கூட்டம் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும். பிறகு மொத்த ஒலியும் ஒரே நேரத்தில் இறங்கும். இதை "டிராப்" என்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே நொடியில் குதிப்பது அப்போதுதான்.

அந்த இளைஞர் உணர்ந்தது பொய்யல்ல. அப்படி ஓர் உணர்வு வரும்படியே அந்த இரவு அமைக்கப்படுகிறது. தன்னை மறக்க வேண்டும், கூட்டத்தோடு ஒன்றாக வேண்டும் என்ற தாகம் மனிதனின் ஃபித்ரத்திலேயே இருக்கிறது. அந்தத் தாகத்தைக் கொடுத்தவன் அல்லாஹ். அதை எந்தத் தண்ணீரால் தீர்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

மார்க்கம் மகிழ்ச்சிக்கு எதிரி அல்ல

ஒரு பெருநாள் அன்று ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இரண்டு சிறுமிகள் தஃப் அடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது, இது பெருநாள், விட்டுவிடுங்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள். அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு ஆடினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் தாமாகப் போதும் என்று நினைக்கும் வரை நபியவர்கள் அவர்களை மறைத்து நின்று அதைப் பார்க்க வைத்தார்கள். இரண்டுமே புகாரியில் இருப்பவை.

ஹன்ழலா (ரலி) அவர்கள், வீட்டுக்குப் போனால் மனைவி மக்களோடு கலந்து எல்லாம் மறந்துபோகிறதே, நான் முனாஃபிக் ஆகிவிட்டேனோ என்று அழுதார்கள். இதற்கு ஒரு நேரம், அதற்கு ஒரு நேரம் என்ற கருத்தில் நபியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். இது முஸ்லிமில் உள்ளது.

ஆகவே சிரிக்காதே, ஆடாதே, ஓடாதே என்பது நம் தீன் அல்ல. ஆனால் மகிழ்ச்சிக்கு ஒரு வேலி உண்டு.

வேலி எங்கே இருக்கிறது?

விபச்சாரம், ஆண்களுக்குப் பட்டு, மது, இசைக்கருவிகள் இவற்றை ஹலாலாக ஆக்கிக்கொள்ளும் சிலர் தம் உம்மத்தில் தோன்றுவார்கள் என்று நபியவர்கள் எச்சரித்த ஹதீஸை அபூமாலிக் அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கிறார்கள். இமாம் புகாரி இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இதன் அறிவிப்புத் தொடரில் இப்னு ஹஸ்ம் (ரஹ்) மாற்றுக் கருத்துச் சொன்னார்கள். பெரும்பாலான முஹத்திஸ்கள் ஸஹீஹ் என்றே உறுதி செய்தார்கள். நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்தும் இசைக்கருவிகள் கூடாது என்பதுதான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் இதை விரிவாக ஆராய்கிறார்கள். இனிய குரலைக் கேட்பதில் அவர்கள் சற்று விசாலமாகவே பேசுகிறார்கள். அப்படிப்பட்டவர்களே ஐந்து காரணங்களைச் சொல்லி, அவை வந்துவிட்டால் கேட்பது ஹராமாகிவிடும் என்கிறார்கள். பாடுபவரால் ஃபித்னா வருவது, கருவி குடிகாரர்களின் அடையாளமாக இருப்பது, பாடலின் கருத்து கெட்டதாக இருப்பது, கேட்பவரை ஆசை ஆட்கொண்டிருப்பது, அதையே வாடிக்கையாக்கி நேரத்தை அழிப்பது. அந்த மணல்வெளி மேடையை இந்த ஐந்தோடும் வைத்துப் பாருங்கள். மது ஓடுகிறது. ஆணும் பெண்ணும் கலந்து ஆடுகிறார்கள். ஃபஜ்ரு போகிறது. இசை பற்றிய கருத்து வேறுபாட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டாலும் அந்த இரவை ஆகுமாக்க எந்த மத்ஹபிலும் வழி கிடையாது.

சில இடங்களில் மாத்திரைகளும் கைமாறுகின்றன. "எக்ஸ்டஸி" என்று சொல்லப்படும் போதை மாத்திரை உடலின் வெப்பத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். அதை விழுங்கியவர் அளவு மீறித் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்தும் உயிர் போகலாம். போதை தரும் அனைத்தும் ஹராம் என்பது நபிமொழி. ஒரு தடவைதானே என்று எடுத்துக்கொண்டு திரும்பி வராத பிள்ளைகள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

அந்த இளைஞர் இன்னொன்றும் கேட்டார்: "ரியாத்லயே நடக்குதே ஹஜ்ரத்?" உண்மைதான். 2019 டிசம்பரிலிருந்து ரியாத் அருகே சவுண்ட்ஸ்டார்ம் என்ற பெயரில் இப்படியொரு பெருவிழா நடந்து வருகிறது. ஆனால் நமக்கு ஆதாரம் குர்ஆனும் சுன்னாவும். ஒரு நாட்டின் விழாக் காலண்டர் ஆதாரமாகாது. மக்காவிலேயே அபூஜஹ்லும் இருந்தான், பிலால் (ரலி) அவர்களும் இருந்தார்கள். மண் யாருக்கும் பரிந்து பேசாது.

காது ஓர் அமானிதம்

செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் விசாரிக்கப்படும் என்று பனீ இஸ்ராயீல் சூராவின் 36-ஆவது ஆயத்து எச்சரிக்கிறது. அல்லாஹ் முதலில் சொன்னது செவியைத்தான்.

அந்தப் பிள்ளைக்குக் கேட்ட "கொய்ங்" சத்தத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நம் உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடிச் செல்கள், காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிற்கூடங்களுக்கான பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது வெறும் 15 நிமிடம். இத்தகைய நிகழ்ச்சிகளில் 100 டெசிபல் என்பது சர்வசாதாரணம். இவர் நின்றதோ 5 மணி நேரம்! இசை நிகழ்ச்சிகளில் ஒலியின் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பே 2022-இல் வழிகாட்டு விதி வெளியிட்டது. உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பாதுகாப்பற்ற முறையில் ஒலியைக் கேட்பதால் செவித்திறன் இழக்கும் ஆபத்தில் இருப்பதாகவும் அது சொல்கிறது.

இது காதில் இயர்போன் செருகியிருப்பவர்களுக்கும் பொருந்தும். கேட்பது பயானாக இருந்தாலும் சரி, ஒலியைக் குறையுங்கள்.

மேடையில் நின்றவரின் கதை

கீழே ஆடுபவர் எல்லாம் மறந்து ஆடுகிறார். மேலே நிற்பவருக்கு அந்த இசை என்ன கொடுத்தது?

சுவீடன் நாட்டில் 1989-இல் பிறந்தவர் டிம் பெர்க்லிங். அவீச்சி என்ற மேடைப் பெயரில் இருபது வயதுகளின் தொடக்கத்திலேயே உலகப் புகழ் பெற்ற டிஜே. 800-க்கும் மேற்பட்ட மேடைகள், குவிந்த பணம். 2012-இல், 22 வயதில், அளவு மீறிய மதுவால் கணைய அழற்சி வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 2014-இல் பித்தப்பையும் குடல்வாலும் அறுவை சிகிச்சையில் நீக்கப்பட்டன. 2016-இல் இனி மேடை ஏற மாட்டேன் என்று அறிவித்து விலகினார். 2018 ஏப்ரல் 20, ஒரு ஜும்ஆ நாள், ஓமன் நாட்டின் மஸ்கட்டில் இறந்து கிடந்தார். வயது 28. வாழ்வின் பொருளையும் மன அமைதியையும் தேடிப் போராடிய மனிதர் என்று அவருடைய குடும்பத்தார் பிறகு கடிதம் வெளியிட்டார்கள். இளைஞர்களின் மனநலத்துக்காக அவர் பெயரில் ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார்கள்.

ஒருவரின் மரணத்தைக் காட்டி மகிழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபியவர்கள் எழுந்து நின்றார்கள். கேட்டபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். அந்த மரியாதையோடுதான் சொல்கிறேன். லட்சம் பேரைக் குதிக்க வைத்த இரவுகள், மேடையில் நின்ற அந்தப் பிள்ளைக்குத் தேடிய அமைதியைக் கொடுக்கவில்லை. நம் சபையிலும் மனம் பாரமாகி வாழவே பிடிக்காமல் இருக்கும் யாராவது இருக்கலாம். தயவு செய்து வாய் திறந்து சொல்லுங்கள். வீட்டாரிடம் சொல்லுங்கள், என்னிடம் வாருங்கள், மருத்துவரைப் பாருங்கள். நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத். மன நோய்க்கும் அதுவே.

இரவின் மறுபக்கம்

நபியவர்கள் இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் இருப்பதையும் வெறுத்தார்கள். இரவின் கடைசி மூன்றில் ஒரு பகுதியில், கேட்பவர் உண்டா கொடுக்கிறேன், பாவமன்னிப்புத் தேடுபவர் உண்டா மன்னிக்கிறேன் என்று அல்லாஹ் அழைப்பதாக நபிமொழி சொல்கிறது. அந்த நிகழ்ச்சியில் உச்சகட்ட டிஜே மேடை ஏறிய நேரமும் அதுதான்! ஒரே நேரத்தில் இரண்டு அழைப்பு. ஒன்று காதைப் பிளக்கிறது. மற்றது அமைதியாக இருப்பவருக்கு மட்டுமே கேட்கிறது.

உஸைத் பின் ஹுழைர் (ரலி) அவர்கள் ஓர் இரவு பகரா சூராவை ஓதிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கட்டியிருந்த குதிரை மிரண்டது. ஓதுவதை நிறுத்தினால் குதிரை அமைதியாகும், ஓதினால் மிரளும். அருகில் மகன் யஹ்யா இருந்ததால் குதிரை மிதித்துவிடுமோ என்று பயந்து நிறுத்தினார்கள். தலையை உயர்த்திப் பார்த்தால், மேகம் போன்ற ஒன்று, அதில் விளக்குகள் போன்றவை! காலையில் நபியவர்களிடம் சொன்னபோது, அவர்கள் உம் குரலைக் கேட்க நெருங்கி வந்த வானவர்கள் என்றார்கள். இது புகாரியில் வரும் செய்தி. அந்த வெளிச்சத்துக்கு டிக்கெட் கிடையாது. ஒரு மனிதர், ஒரு குர்ஆன், ஓர் இரவு. அவ்வளவுதான்.

நபி (ஸல்) அவர்களின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றும் சீரா நூல்களில் வருகிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது, தோழரிடம் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மற்ற இளைஞர்களைப் போல ஓர் இரவைக் கழிக்க மக்காவுக்குள் போனார்கள். ஒரு திருமண வீட்டில் இசை கேட்டது. உட்கார்ந்ததும் அல்லாஹ் அவர்களைத் தூங்க வைத்துவிட்டான். வெயில் சுட்டுத்தான் எழுந்தார்கள். மறுபடி ஒரு முறையும் அப்படியே நடந்தது. இந்த அறிவிப்பின் தரத்தில் ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் இதில் இளைஞர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. நாம் போக நினைத்த ஓர் இடத்துக்குப் போக முடியாமல் தடைபட்டால், அது அல்லாஹ்வின் பாதுகாப்பாகவும் இருக்கலாம்.

நம் பங்கு என்ன?

இப்போது பெரியவர்களுக்கும் எனக்குமான பகுதி.

"அங்க வந்த உணர்வு இங்க ஏன் வரல?" என்ற கேள்வியை நான் பல நாள் யோசித்தேன். ஒரு காரணம் அவரிடம் இருக்கிறது. பழக்கம் இல்லாமல் தொழுகையின் சுவை கிடைக்காது. டிராப் முப்பது நொடியில் நெஞ்சை ஆட்டும். சஜ்தாவின் இன்பம் மாதக்கணக்கில் மெதுவாக ஊறும். ஓதுவதன் பொருளும் அவருக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மற்றொரு காரணம் நம்மிடம் இருக்கிறது. அங்கே யாரும் அவரை யார் என்று கேட்கவில்லை. இங்கே? முடியை ஏன் இப்படி வெட்டினாய், பேன்ட் ஏன் கிழிந்திருக்கிறது, எங்கே இத்தனை நாளாகக் காணோம் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் ஸலாமே சொல்கிறோம். நானும் அந்தத் தவறைச் செய்தவன். சில ஆண்டுகளுக்கு முன் இதே மிம்பரில், பாட்டுக் கச்சேரிக்குப் போன பிள்ளைகளைக் கேலி செய்து பேசினேன். சபை சிரித்தது. அதில் ஒரு பிள்ளை அதன் பின் பல மாதம் பள்ளிப் பக்கம் வரவில்லை. அவருடைய வாப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். சிரிப்பு ஒரு நிமிடத்தில் முடிந்தது, அதன் கணக்கு என் ஏட்டில் இருக்கிறது.

ஓர் இளைஞர் நபியவர்களிடம் வந்து விபச்சாரத்துக்கே அனுமதி கேட்டார். இருந்தவர்கள் அதட்டினார்கள். நபியவர்களோ அவரை அருகில் அழைத்து உட்கார வைத்து, உன் தாய்க்கு, மகளுக்கு, சகோதரிக்கு இதை விரும்புவாயா என்று பொறுமையாகக் கேட்டார்கள். பின் அவர் மீது கை வைத்து, பாவம் மன்னிக்கப்படவும் உள்ளம் தூய்மையாகவும் துஆச் செய்தார்கள். அதன் பின் அந்த இளைஞர் அதன் பக்கம் திரும்பவே இல்லை. அபூஉமாமா (ரலி) அறிவிக்கும் இது முஸ்னத் அஹ்மதில் உள்ளது.

ஆகவே சில வேண்டுகோள்கள்:

1. பிள்ளைகளின் விடுமுறை இரவுகளை வெறுமையாக விடாதீர்கள். ஃபுட்பால், நீச்சல், பயணம் என ஹலாலான மகிழ்ச்சிக்கு வீடும் ஜமாஅத்தும் செலவழிக்கட்டும்.

2. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் பணம் வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, மனசு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

3. வெளியூரில் ரூமில் தங்கியிருக்கும் இளைஞர்கள், ஃபஜ்ருக்கு ஒருவரை ஒருவர் எழுப்பிவிட ஒரு தோழரையாவது தேடிக்கொள்ளுங்கள்.

4. மாதம் ஒரு வியாழன் இரவு இஷாவுக்குப் பின் இளைஞர்களுக்காகப் பள்ளி திறந்திருக்க நிர்வாகத்தார் சம்மதித்திருக்கிறார்கள். தேநீர் உண்டு. அழகிய குரலில் ஓதும் பிள்ளைகள் ஓதட்டும், பொருளை நான் சொல்கிறேன். என்ன கேள்வியும் கேட்கலாம். யாரும் திட்ட மாட்டோம்.

அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் இரவில் ஓதும் குரலை நபியவர்கள் நின்று கேட்டார்கள். தாவூத் (அலை) அவர்களின் குழல்களில் ஒரு குழல் உமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாராட்டினார்கள். இனிமையைத் தேடும் காதுக்கு இந்த மார்க்கம் வெறுங்கையைக் காட்டவில்லை.

அந்த இளைஞர் போன வாரம் துபாய்க்குத் திரும்பிவிட்டார். போகும் முன் காது டாக்டரிடம் காட்டினார். பயப்பட ஒன்றுமில்லை, இனி கவனமாக இருங்கள் என்றார்களாம். புறப்படும் அன்று ஃபஜ்ருக்கு வந்தார். முதல் வரிசையில், பாங்கு சொல்பவருக்குப் பக்கத்தில் நின்றார். தொழுதுவிட்டு என் கையைப் பிடித்து, "இன்னிக்கு நல்லா கேட்டுச்சு ஹஜ்ரத்" என்றார்.

யா அல்லாஹ்! எங்கள் செவிகளை உன் அழைப்பைக் கேட்கும் செவிகளாக ஆக்குவாயாக! எங்கள் பிள்ளைகளின் இரவுகளைப் பாதுகாப்பாயாக! தூர தேசத்தில் தனிமையில் இருப்பவர்களுக்கு உன் நினைவைத் துணையாக்குவாயாக! வழி தவறி வருந்துபவர்களை நீ ஏற்றுக்கொள்வாயாக! அவர்களை விரட்டும் கதவுகளாக எங்களை ஆக்கிவிடாதே, வரவேற்கும் கதவுகளாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.